பேஸ்பாலில் பந்தயம் கட்டலாமா?

விளையாட்டைக் கரைத்துக் குடித்தவன் பந்தயத்திலும் ஜெயிப்பான் என்று ஒரு நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. குதிரைப் பந்தயத் திடலுக்கு வெளியே கையில் புத்தகத்தோடு நிற்பவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்துக்கு இந்த நம்பிக்கை சுத்தமாகப் பொருந்தாது என்பது என் கட்சி. மற்ற ஆட்டங்களில் பந்தயம் கட்டுவது கெட்ட பழக்கம் என்றால், பேஸ்பாலில் கட்டுவது கெட்ட பழக்கம், கூடவே கெட்ட கணக்கு. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

புதுச்சேரிக்காரனுக்கு பேஸ்பாலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மகள் குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. மூன்று முறை போய் ஆறு ஆறு மாதம் தங்கியதில், கோடைக்கால மாலைகளில் மருமகனோடும் பேரனோடும் உட்கார்ந்து பார்த்துப் பழகிய ஆட்டம் இது. அந்த நியூ ஜெர்சி மாநிலம் நடத்திய வழக்கில்தான் 2018 மே 14-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயங்களைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாகக் கதவு திறந்துவிட்டது. இன்று அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பந்தயம் கட்டுவது சட்டப்படி செல்லும். கடைக்குப் போக வேண்டாம், ஆளைத் தேட வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணிக்கு ஒன்பது பேர் களத்தில். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் மாறி மாறி, மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும். பந்து வீசுபவருக்கு பிட்சர் என்று பெயர். மட்டையாளர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்தை அவர் அடிக்காமல் விட்டால் 'ஸ்டிரைக்', எல்லைக்கு வெளியே போனதை விட்டுவிட்டால் 'பால்'. மூன்று ஸ்டிரைக் என்றால் மட்டையாளர் அவுட். நான்கு பால் என்றால் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ரன் கணக்கு. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுப்பது சராசரியாக நான்கு, ஐந்து ரன். கிரிக்கெட்டில் 300 ரன் அடிக்கும் ஆட்டத்தில் ஒரு பவுண்டரி போனால் பெரிய சேதமில்லை, அடுத்த ஓவரில் சரிக்கட்டலாம். இங்கே ஒரு பந்து காற்றில் நான்கடி கூடுதலாகப் போய்ச் சுவரைத் தாண்டினால் ஆட்டமே தலைகீழாகிவிடும். பத்து ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்று ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிகின்றன.

அதன் விளைவைப் புள்ளிவிவரத்தில் பாருங்கள். மேஜர் லீகில் 30 அணிகள். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும். மொத்தம் 2,430 ஆட்டங்கள். 2001-இல் சியாட்டில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் ஜெயித்தது. ஒரு பருவத்தில் அதற்கு மேல் யாரும் ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட அணியும் 46 தடவை தோற்றது. கடைசியில் அந்த ஆண்டு உலகத் தொடர் இறுதிக்குக்கூடப் போகவில்லை, அதற்கு முந்தைய சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றுவிட்டது.

எதிர் முனைக்கு வாருங்கள். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. 1900-க்குப் பிறகு ஒரே பருவத்தில் இத்தனை தோல்வி கண்ட அணி கிடையாது. அந்த அணியும் 41 ஆட்டங்களில் ஜெயித்தது. நான்குக்கு ஒன்று! இன்னொரு வேடிக்கையும் உண்டு. 120 தோல்வியோடு நின்றபோது ஏஞ்சல்ஸ் அணியோடு அவர்களுக்குச் சொந்த ஊரில் மூன்று ஆட்டங்கள். புதிய சாதனைத் தோல்வி இன்று வரும், நாளை வரும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றிலும் ஜெயித்துவிட்டார்கள். 121-ஆவது தோல்வி அதற்கடுத்து டெட்ராய்ட் போன பிறகுதான் வந்தது. "இவர்கள் தோற்பது நிச்சயம்" என்று அந்த மூன்று நாளும் பணம் வைத்தவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு விளையாட்டு தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? எல்லோருக்கும் தெரிந்ததுதான் அவனுக்கும் தெரியும். பணம் போயிற்று.

மற்ற ஆட்டங்களில் இப்படி இல்லை. அதே அமெரிக்காவில் கூடைப்பந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 73 ஜெயித்து ஒன்பது மட்டும் தோற்றது. அமெரிக்கக் கால்பந்தில் 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களிலும் ஜெயித்தது. அடுத்த வருடமே டெட்ராய்ட் லயன்ஸ் 16-லும் தோற்றது. நமக்குத் தெரிந்த கால்பந்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் 2003-04-இல் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த ஆட்டங்களில் பலசாலி பலசாலியாகவே தெரிவான். பேஸ்பாலில் பலசாலியும் நோஞ்சானும் ஒரு நாள் மாலையில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். வித்தியாசம் தெரிய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கூடைப்பந்தில் அணியின் சிறந்த ஆட்டக்காரன் கையில் ஒவ்வொரு முறையும் பந்தைக் கொடுக்கலாம். ஐந்தே பேர், அவன் முக்கால்வாசி நேரம் களத்தில் நிற்பான். பேஸ்பாலில் எவ்வளவு பெரிய மட்டையாளனாக இருந்தாலும் வரிசைப்படி ஒன்பது பேருக்கு ஒரு தடவைதான் முறை வரும். ஓர் ஆட்டத்துக்கு நான்கு அல்லது ஐந்து தடவை. அதிலும் பத்துக்கு மூன்று தடவை நன்றாக அடித்தாலே அவன் நட்சத்திரம். 1941-இல் டெட் வில்லியம்ஸ் பருவம் முழுவதற்கும் பத்துக்கு நான்கைத் தாண்டினார், அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் ஒரு முழுப் பருவத்துக்கு அதைச் செய்தவர் இல்லை. பந்து வீசும் பக்கம் இன்னும் மோசம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரு நாள் வீசினால் நான்கைந்து நாள் தோளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகவே நேற்று ஜெயித்த அணியும் இன்று களத்துக்கு வரும் அணியும் பெயரில்தான் ஒன்று. போதாததற்கு, இப்போதெல்லாம் தொடக்க பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸோடு நின்றுவிடுவார். மீதியை மூன்று நான்கு மாற்று பிட்சர்கள் வீசுவார்கள். அவர்களில் யார் எப்போது வருவார்கள் என்பது, பணம் கட்டும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

சரி, பலவீனமான அணியும் அடிக்கடி ஜெயிக்கிறது என்றால் அதன் மேல் கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் விலை என்ற விஷயம் வருகிறது.

அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெரும்பாலும் புள்ளி வித்தியாசத்தை வைத்துப் பந்தயம். பலமான அணி ஏழு புள்ளிக்கு மேல் ஜெயிக்குமா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். 110 டாலர் வைத்தால் 100 டாலர் லாபம். நூறு தடவை கட்டினால் 53 தடவையாவது சரியாக இருந்தால்தான் கையைக் கடிக்காது. பேஸ்பாலில் ரன்கள் குறைவு என்பதால் யார் ஜெயிப்பார் என்பதுதான் முக்கியப் பந்தயம். பேவரிட் அணிக்கு 'மைனஸ் 150' என்று போட்டிருப்பார்கள். 100 டாலர் சம்பாதிக்க 150 டாலர் வைக்க வேண்டும் என்று அர்த்தம். எதிரணிக்கு 'பிளஸ் 130' என்றால், 100 வைத்து ஜெயித்தால் 130 லாபம். முதல் பக்கம் கட்டுபவன் நூற்றுக்கு 60 தடவை ஜெயித்தால்தான் சமன். இரண்டாவது பக்கம் கட்டுபவன் 43½ தடவை ஜெயிக்க வேண்டும். இரண்டையும் கூட்டுங்கள். நூறு வர வேண்டிய இடத்தில் 103½ வருகிறது. அந்த மூன்றரைதான் கம்பெனியின் வரும்படி. பலவீனமான அணி ஜெயிக்கும் வாய்ப்பை அவர்கள் ஏற்கெனவே விலையில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு மேல் தங்கள் கமிஷனையும் ஏற்றிவிட்டார்கள்.

என் பேரனுக்கு 23 வயது. ஆட்டத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வான். எந்த பிட்சர் இடது கை, யாருக்கு முழங்கை அறுவை ஆகியிருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். சென்ற முறை நான் போயிருந்தபோது ஒரு நாள் போனைக் காட்டி, "தாத்தா, நூறு ஆட்டத்துல அம்பத்தெட்டு சரியா சொல்லியிருக்கேன். இது திறமை இல்லையா?" என்றான்.

"திறமைதான்ப்பா. கையில எவ்வளவு இருக்கு?" என்றேன்.

அதற்கு உடனே பதில் வரவில்லை. ஆயுள் முழுக்க அரசாங்க அலுவலகத்தில் பேரேடு எழுதியவன் நான். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் என்று எழுதச் சொன்னேன். அவன் கட்டியதெல்லாம் பேவரிட் அணிகள் மேல், ஏறக்குறைய மைனஸ் 150 விலையில். ஒவ்வொரு தடவையும் 15 டாலர் வைத்து 10 டாலர் லாபம் பார்க்கும் பந்தயம். ஜெயித்த 58-க்கு 580 டாலர் வரவு. தோற்ற 42-க்கு 630 டாலர் செலவு. ஐம்பது டாலர் கை நஷ்டம். நடுவில் ஒரு நாள் அவன் கணக்கில் போட்ட பணத்தையும் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாள்வழிக் கணக்கு எழுதாத வீட்டில் இப்படித்தான் நடக்கும்.

ஐம்பது டாலர் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த 58-ஐ நம்பி, அடுத்த மாதத்திலிருந்து பத்து மடங்காகக் கட்டலாம் என்று அவன் திட்டம் வைத்திருந்தான். படிப்புக் கடன் இன்னும் அடைபடவில்லை. ஜெயித்த எண்ணிக்கை நாக்குக்கு இனிப்பாக இருக்கிறது, அதனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பணத்தின் எண்ணிக்கையை யாரும் சொல்வதில்லை. மற்ற ஆட்டங்களில் இந்த இரண்டு எண்ணிக்கைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும், ஏனென்றால் விலை இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேஸ்பாலில் அவை தனித்தனிப் பாதையில் போகின்றன. பாதிக்கு மேல் ஜெயித்துக்கொண்டே ஒருவன் கடனாளி ஆகலாம்.

அடுத்த சிக்கல், லாபம் வந்தாலும் அது எதனால் வந்தது என்று தெரியாது. நூறு பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் நூறு ஆட்டத்துக்குப் பூவா தலையா போட்டுப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். விலை அந்த 110-க்கு 100 என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத அந்த நூறு பேரில் சுமார் 30 பேர் லாபத்தோடு எழுந்து போவார்கள். கணிதம் அப்படி. அந்த 30 பேரும் தங்களிடம் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நம்புவார்கள். ஆயிரம் ஆட்டம் வரை தொடரச் சொன்னால்கூட ஏழு பேர் மிஞ்சுவார்கள். ஒருவன் உண்மையிலேயே கெட்டிக்காரனா, அல்லது அந்த ஏழு பேரில் ஒருவனா என்று கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான பந்தயங்கள் வேண்டும். அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பாஸ்கால் பெயர் பழக்கமானது. 1654-இல் அவரும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் வாய்ப்புக் கணக்கு என்ற சாஸ்திரம் உருவெடுத்தது. தூண்டியவர் சூதாட்டத்தில் ஈடுபாடுள்ள ஒருவர், ஷெவாலியே தெ மெரே. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழும் வாய்ப்பு நூற்றுக்கு 51.8. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு தடவையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்பு 49.1. முதல் பந்தயம் லாபம், இரண்டாவது நஷ்டம். இடைவெளி மூன்றுக்கும் குறைவு. பேஸ்பால் பந்தயமும் இந்த மெல்லிய இடைவெளிக்குள்தான் நடக்கிறது. சொந்த ஊரில் ஆடும் அணி நூற்றுக்கு 53, 54 தடவை ஜெயிக்கிறது, அவ்வளவுதான் சொந்த ஊரின் பலம். ஆனால் பகடைக்கு ஆறு முகம் என்று முன்கூட்டியே தெரியும், காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் அணி இன்று ஜெயிக்கும் வாய்ப்பு 54-ஆ 57-ஆ என்பதை எந்த பாஸ்காலாலும் காகிதத்தில் போட்டுச் சொல்ல முடியாது. அது வெறும் மதிப்பீடு. உங்கள் மதிப்பீடு கம்பெனியின் மதிப்பீட்டைவிடச் சரியாக இருக்க வேண்டும், அதுவும் கமிஷனைத் தாண்டும் அளவுக்கு.

அந்த மதிப்பீட்டில் சேர வேண்டியவை எத்தனை பாருங்கள். கூடைப்பந்துக் களம் எங்கே போனாலும் ஒரே அளவு, கூரைக்குக் கீழே. பேஸ்பால் மைதானங்களின் வெளிச்சுவர் ஊருக்கு ஊர் வேறு தூரத்தில், வேறு உயரத்தில் இருக்கும். பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் அடித்த பந்து மற்ற ஊர்களைவிட அதிக தூரம் பறக்கும், பிட்சர் வீசும் பந்து வளைவது குறையும். சிகாகோ ரிக்லி ஃபீல்டில் ஏரிப் பக்கமிருந்து காற்று உள்நோக்கி அடிக்கிறதா, வெளிநோக்கி அடிக்கிறதா என்பதைப் பொறுத்து ரன் எண்ணிக்கையே மாறும். இதற்கு மேல் நடுவர். எல்லைக் கோட்டை ஒட்டி வரும் பந்து ஸ்டிரைக்கா பாலா என்பதில் ஒவ்வொருவர் கண்ணும் ஒரு மாதிரி. ஆட்டத்துக்குச் சற்று முன் "இன்று அந்த பிட்சர் வீசவில்லை, முதுகுப் பிடிப்பு" என்று அறிவிப்பு வந்தால் எல்லாக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து. அறிவித்த பிட்சர் வராவிட்டால் பந்தயத்தை ரத்து செய்துகொள்ளும் முறை பேஸ்பாலுக்கென்றே உண்டு. அந்த ஒரு மனிதரைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

இவை எல்லாம் என் பேரனுக்குத் தெரியும். வருத்தம் என்னவென்றால், கம்பெனிக்கும் தெரியும். அவர்களிடம் இதற்காகவே சம்பளம் வாங்கும் ஆட்களும் கணினிகளும் உண்டு. நீங்கள் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுப் போனை எடுப்பதற்குள் விலை மாறியிருக்கும்.

ஒரு நாள் ஆட்டம் ஏமாற்றும், தொடர் ஆட்டம் உண்மையைச் சொல்லும் என்று சிலர் வாதாடுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு 55 தடவை ஜெயிக்கக்கூடிய அணி, ஏழு ஆட்டத் தொடரில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 61. ஐந்து தொடர்களில் இரண்டில் மட்டமான அணிதான் கோப்பையைத் தூக்கும். 1960 உலகத் தொடரில் யாங்கீஸ் ஏழு ஆட்டங்களில் மொத்தம் 55 ரன் எடுத்தது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27. கோப்பை பைரேட்ஸுக்கு. 2025-இலும் அதே கதை. டொராண்டோ புளூ ஜேஸ் 34 ரன், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 26. ஏழாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினொன்றுக்குப் போய், 5-4 என்று டாட்ஜர்ஸ் ஜெயித்தது. எந்த அணி நன்றாக ஆடியது என்று கேட்டால் ஒரு பதில். பணம் யாருக்கு என்று கேட்டால் வேறு பதில்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் கமிஷன் குறைவு என்பார்கள். உண்மைதான். நான் சொன்ன விலையில் பேஸ்பால் கம்பெனி எடுப்பது நூற்றுக்கு மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. கால்பந்தின் 110-க்கு 100 முறையில் நான்கரை. ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு வாரம் ஒரு ஆட்டம், பருவத்துக்கு 17. பேஸ்பாலில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். எல்லா அணிகளும் ஆடும் நாளில் பதினைந்து ஆட்டங்கள். மலிவான கடை என்பதற்காகத் தினம் பதினைந்து தடவை போனால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? கால்பந்தில் தோற்றவனுக்கு ஆறு நாள் இடைவெளி இருக்கிறது, புத்தி தெளிய அவகாசம் உண்டு. பேஸ்பாலில் தோற்றவனுக்கு நாளை மாலையே இன்னொரு ஆட்டம். மேற்குக் கரை ஆட்டமாக இருந்தால் அன்று இரவே. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறிக்கு இதைவிட வசதியான விளையாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இதில் பணம் பார்ப்பவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், இதையே முழு நேரத் தொழிலாக, கணினி வைத்துச் செய்பவர்கள். அவர்கள் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தால் பல கம்பெனிகள் அவர்கள் கட்டக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு போட்டுவிடுகின்றன. தோற்பவனுக்கு அந்த வரம்பு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. இந்த ஒரு செய்தி போதும், கடை யாருக்காகத் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

கடைசியாக ஒன்று. இப்போது ஆட்டத்தின் முடிவு மேல் மட்டும் பந்தயம் இல்லை. அடுத்த பந்து ஸ்டிரைக்கா பாலா, எத்தனை மைல் வேகம் என்று பந்துக்குப் பந்து கட்டலாம். மற்ற பல ஆட்டங்களில் ஒருவன் தனியாக ஒன்றைத் திட்டமிட்டு நடத்துவது கடினம், எதிரில் தடுக்க ஆள் இருப்பான். பேஸ்பாலில் அடுத்த பந்தை எங்கே வீசுவது என்பது கடைசியில் பிட்சர் ஒருவர் கையில் இருக்கிறது. ஒரு பந்தைத் தரையில் குத்தினால் ஆட்டம் தோற்றுவிடாது, யாருக்கும் சந்தேகமும் வராது. 2010-இல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீச்சாளர்கள் சொல்லி வைத்து நோ-பால் போட்டது நினைவிருக்கும். சூதாட்டத் தரகனோடு மூன்று ஆட்டக்காரர்கள் சிறை போனார்கள். அதே வாசனை 2025 நவம்பரில் அமெரிக்காவிலும் வந்தது. கிளீவ்லாந்து அணியின் இரண்டு பிட்சர்கள் பந்தயக்காரர்களோடு பேசி வைத்துப் பந்து வீசியதாக நியூயார்க்கில் வழக்குப் பதிவானது. இருவரும் மறுத்தார்கள். உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் வழக்கு வந்த உடனேயே, ஒரு பந்தின் மேல் 200 டாலருக்கு மேல் கட்டக் கூடாது என்று லீகும் பந்தயக் கம்பெனிகளும் சேர்ந்து வரம்பு வைத்தன. அடியோடு நிறுத்தவில்லை.

பேஸ்பாலுக்கு இந்த நோயின் ஆபத்து நன்றாகத் தெரியும். 1919 உலகத் தொடரை விற்றதாக ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் மேல் புகார் வந்தது. 1921-இல் நீதிமன்றம் விடுவித்த பிறகும், லீகின் தலைவராக இருந்த நீதிபதி லாண்டிஸ் அவர்களை ஆயுளுக்கும் விலக்கிவைத்தார். 4,256 முறை வெற்றிகரமாகப் பந்தை அடித்து இன்றுவரை முறியாத சாதனை வைத்திருக்கும் பீட் ரோஸ், பேஸ்பால் மேல் பந்தயம் கட்டிய புகாரில் 1989-இல் விலக்கப்பட்டார். 2004 வரை மறுத்துக்கொண்டிருந்து, பிறகு ஒப்புக்கொண்டார். தன் அணியின் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டினால் ஆயுள் தடை என்ற 21-ஆவது விதியை ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதே லீக் 2018-லேயே ஒரு பெரிய சூதாட்ட விடுதி நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்டது. உள்ளே ஆட்டக்காரனுக்கு விஷம் என்று எழுதி ஒட்டிவிட்டு, வெளியே பார்வையாளனுக்குப் பாயசம் என்று விளம்பரம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தடை போட்டுப் பந்தயத்தை ஒழித்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்துக்குப் பந்து கட்டும் பந்தயத்தையாவது அடியோடு எடுத்துவிட வேண்டும். 200 டாலர் வரம்பு போதாது.

ஆட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 46 தடவை தோற்றும் சிறந்த அணி என்று பெயர் வாங்கலாம், 121 தடவை தோற்றவனும் அடுத்த மாலை ஜெயிக்கலாம் என்பது பார்ப்பவனுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம்! பார்ப்பவனுக்குச் சந்தோஷம் தரும் அதே குணம்தான் கட்டுபவனின் பையைக் காலி செய்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அங்கிருந்து பேசும்போது, "எனக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும்" என்று பெருமையாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உபதேசமும் வேண்டாம். எத்தனை ஆட்டத்தில் ஜெயித்தாய் என்றும் கேட்காதீர்கள். மொத்தம் எவ்வளவு போட்டாய், மொத்தம் எவ்வளவு திரும்ப எடுத்தாய் என்ற இரண்டு தொகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கழித்தல் கணக்கை அவனே போட்டுக்கொள்ளட்டும்.